சினோரைசோபியம் மெலிலோட்டியின் சவ்வு லிப்பிடுகள்

சினோரைசோபியம் மெலிலோட்டி என்பது மண்ணில் தனித்து வாழவும், குதிரை மசால் போன்ற அவரைக் குடும்பத் தாவரங்களின் வேர்களில் முடிச்சுகளைத் தோற்றுவித்து அவற்றுள் தங்கி நைட்ரஜனை நிலைநிறுத்தவும் வல்ல கிராம்-நெகட்டிவ் பாக்டீரியம் ஆகும். இதன் செல் சவ்வை அமைக்கும் கொழுப்புப் பொருள்களாகிய லிப்பிடுகள், சூழலில் கிடைக்கும் பாஸ்பேட்டின் அளவுக்கேற்ப வகையிலும் விகிதத்திலும் மாறுகின்றன.

பாஸ்பேட் போதிய அளவில் இருக்கும்போது, தலைப்பகுதியில் பாஸ்பேட்டைக் கொண்ட பாஸ்போலிப்பிடுகளே சவ்வில் மிகுந்துள்ளன. பாஸ்பாட்டிடைல்கிளிசரால், கார்டியோலிப்பின், பாஸ்பாட்டிடைல்எத்தனாலமின், பாஸ்பாட்டிடைல்கோலின் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. தாவர, விலங்குச் செல்களில் பரவலாகக் காணப்படும் பாஸ்பாட்டிடைல்கோலின், எஷ்செரிச்சியா கோலை உள்ளிட்ட பல பாக்டீரியங்களில் இல்லை. சினோரைசோபியம் இதனை இரு வழிகளில் தயாரிக்கிறது. முதல் வழியில் பாஸ்பாட்டிடைல்எத்தனாலமினுடன் மூன்று மெத்தில் தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கப்படுகின்றன. ஓட்டோ கைகர் குழுவினர் விளக்கிய இரண்டாம் வழியில், தாவர வேர் வெளியிடும் கோலின், சிடிபி-டைஅசைல்கிளிசரால் என்னும் முன்பொருளுடன் நேரடியாக இணைக்கப்படுகிறது.

மண்ணிலுள்ள பாஸ்பேட்டின் பெரும்பகுதி இரும்பு, அலுமினியம், கால்சியம் ஆகியவற்றுடன் பிணைந்து கிடப்பதால், பாக்டீரியத்திற்கு அது எளிதில் கிட்டுவதில்லை. தட்டுப்பாட்டின்போது போபி என்னும் ஒழுங்குபடுத்தும் புரதம் பிஎல்சிபி நொதியின் உற்பத்தியைத் தூண்டுகிறது. இந்நொதி பாஸ்பாட்டிடைல்கோலினைப் பாஸ்போகோலினாகவும் டைஅசைல்கிளிசராலாகவும் பிளக்க, முன்னதிலிருந்து பாஸ்பேட் மீட்கப்படுகிறது. பின்னதுடன் மெத்தியோனின் வழிப்பொருளிலிருந்து பெறப்படும் தலைப்பகுதி சேர்ந்து டிஜிடிஎஸ் என்னும் பாஸ்பரசற்ற லிப்பிடு உருவாகிறது. இதனுடன், கந்தகம் ஏறிய சர்க்கரையைத் தலைப்பகுதியாகக் கொண்ட சல்போலிப்பிடும், ஆர்னித்தின் என்னும் அமினோ அமிலத்துடன் இரு கொழுப்பு அமிலங்கள் இணைந்த ஆர்னித்தின் லிப்பிடும் பாஸ்போலிப்பிடுகளின் இடத்தை நிரப்புகின்றன.

இவ்விரு வகை லிப்பிடுகளின் பணிகள் வேறுபட்டவை என்பதை மரபணு நீக்கச் சோதனைகள் காட்டின. பாஸ்பரசற்ற மூன்று லிப்பிடுகளையும் இழந்த திரிபுகள் பாஸ்பேட் குறைந்த ஊடகத்தில் குறைவாகவே பெருகினாலும், குதிரை மசாலில் முடிச்சுகளை உண்டாக்கி நைட்ரஜனை நிலைநிறுத்துகின்றன. மாறாக, பாஸ்பாட்டிடைல்கோலினைத் தயாரிக்க இயலாத திரிபுகளால் முடிச்சுகளை உண்டாக்கவே முடிவதில்லை. இந்த லிப்பிடு குறைந்த பிராடிரைசோபியம் திரிபுகள் சோயா மொச்சையின் முடிச்சுகளில் குறைந்த அளவு நைட்ரஜனையே நிலைநிறுத்துகின்றன. தாவர நோயை விளைவிக்கும் அக்ரோபாக்டீரியம் டியூமிபேசியன்ஸ் இதனை இழக்கும்போது, தன் டிஎன்ஏவைத் தாவரச் செல்லுக்குள் செலுத்தும் சுரப்பு அமைப்பை உருவாக்க இயலாமல், கழலை உண்டாக்கும் திறனையும் இழக்கிறது. ஆகவே பாஸ்பரசற்ற லிப்பிடுகள் வளம் குறைந்த மண்ணில் தனித்து வாழ்வதற்கும், பாஸ்பாட்டிடைல்கோலின் தாவரத்துடனான நட்பு, பகை ஆகிய இருவகை உறவுக்கும் தேவைப்படுகின்றன.