நீர்வெப்பக் கரைதல்

சாதாரண நீரில் ஏறத்தாழக் கரையாத உலோக ஆக்சைடு கனிமங்கள், உயர் வெப்பமும் உயர் அழுத்தமும் கொண்ட நீரில் கரையும் நிகழ்வு நீர்வெப்பக் கரைதல் எனப்படும். புவியின் பல தாதுப் படிவுகள் இவ்வழியில் உருவானவை.

நீரின் இயல்பு மாற்றம்: அழுத்தம் நீரை 100 பாகை செல்சியசுக்கு மேலும் திரவமாகவே வைத்திருக்கிறது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை வரை நீர் கூடுதலாக அயனியுறுவதால், ஹைட்ரஜன், ஹைட்ராக்சைடு அயனிகளின் செறிவு அறை வெப்பநிலையில் உள்ளதைப் போல் இருபது மடங்குக்கும் மேல் உயர்கிறது. மின்காப்பு மாறிலியோ 25 பாகையில் 78 ஆக இருந்து, மாறுநிலைப் புள்ளியை (374 பாகை, 22.1 மெகாபாஸ்கல்) நெருங்கும்போது 10-க்கும் கீழே இறங்குகிறது.

கரையும் முறை: ஆக்சைடின் மேற்பரப்பிலுள்ள ஆக்சிஜனுடன் ஹைட்ரஜன் அயனி சேர்வதால் உலோக-ஆக்சிஜன் பிணைப்பு தளர்கிறது. விடுபட்ட உலோக அயனி, ஹைட்ராக்சைடு அல்லது குளோரைடுடன் இணைந்து அணைவுச் சேர்மமாகக் கரைசலில் நிலைக்கிறது. உப்பு நிறைந்த சுடுநீரில் மேக்னடைட்டின் இரும்பும் காசிட்டரைட்டின் வெள்ளீயமும் பெரும்பாலும் குளோரைடு அணைவுகளாகவே பயணிக்கின்றன. கரைசல் குளிரும்போதோ அதன் அமிலத்தன்மை குறையும்போதோ கனிமம் மீண்டும் படிகிறது. பாறைப் பிளவுகளில் தாது நரம்புகள் தோன்றுவது இப்படித்தான்.

பயன்பாடு: கார்ல் யோசப் பாயர் 1888-இல் காப்புரிமை பெற்ற முறையில், பாக்சைட்டிலுள்ள அலுமினியம் அழுத்தக் கலன்களில் சூடான சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கப்படுகிறது. அனல்மின் நிலையக் கொதிகலன் குழாய்களைக் காக்கும் மேக்னடைட்டுப் படலமும் இதே வேதியியலுக்கு உட்பட்டது. எனவே அங்கு நீரின் காரகாடித்தன்மைச் சுட்டெண்ணைக் கவனமாகப் பேணுவது இன்றியமையாதது.