மணச்சேலையும் நூற்கூலியும்: கதரின் விலை பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

1942 மார்ச் 26 அன்று அலகாபாத்தின் ஆனந்த பவனத்தில் இந்திரா நேருவுக்கும் பெரோஸ் காந்திக்கும் திருமணம் நடந்தது. மணமகள் உடுத்தியிருந்தது இளஞ்சிவப்புக் கதர்ச் சேலை. அவருடைய தந்தை சிறையில் இருந்த காலத்தில் நூற்ற நூலால் நெய்யப்பட்டது அது. இந்தச் சேலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘எளிமை’ என்ற ஒரே சொல்லில் அதை முடித்துவிடுகின்றனர். பட்டும் சரிகையும் வேண்டாம் என்று ஒதுக்கிய வகையில் அது எளிமைதான். ஆயினும் அதற்குச் செலவான உழைப்பை அளந்து பார்த்தால் எளிமை என்ற சொல் போதாமல் போகிறது. கதர் மணச்சேலையின் வரலாறு, மலிவுக்கும் நேர்மைக்கும் இடையே இந்தியக் குடும்பங்கள் நடத்திய நீண்ட பேரத்தின் வரலாறும் ஆகும்.

திருமணத் துணி அரசியலுக்குள் வந்தது காந்திக்கு முன்பே. 1905இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கத்தில், அந்நியத் துணி பரிமாறப்படும் திருமணங்களை நடத்திவைக்கப் புரோகிதர்கள் மறுத்த செய்திகள் பதிவாகியுள்ளன. ஒரு குடும்பம் வாழ்நாளில் துணிக்காக மிகுதியாகச் செலவிடும் தருணம் திருமணம். ஊரார் அனைவரும் அத்துணியைப் பார்க்கும் தருணமும் அதுவே. எனவே புறக்கணிப்பு இயக்கம் அங்கு அழுத்தம் கொடுத்ததில் வியப்பில்லை. எனினும் மாற்றுத் துணிக்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி அன்றே தொடங்கிவிட்டது.

அக்கேள்வி மிகக் கூர்மையாக எழுந்த இடம் தமிழ்நாடு. 1921 செப்டம்பரில் மதுரைக்கு ரயிலில் வந்துகொண்டிருந்த காந்தி, உடன் பயணம் செய்தோரிடம் கதர் உடுத்துமாறு வற்புறுத்தினார். கதர் வாங்கும் அளவுக்குத் தங்களிடம் பணம் இல்லை என்பதே அவருக்குக் கிடைத்த பதில். ஆலைத்துணியைவிடக் கதர் விலை கூடுதல் என்பது அன்றைய உண்மை. செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் அவர் அரையாடைக்கு மாறினார். விலை கூடிய துணியை ஏழை எப்படி உடுத்துவது என்ற வினாவுக்கு அவர் தந்த விடை, துணியின் அளவைக் குறைத்துக்கொள்வது.

ஆண்களுக்கு அந்த விடை பொருந்தக்கூடும். மணப்பெண்ணுக்கு அது பொருந்தாது. அவளுடைய சேலையின் நீளத்தைக் குறைக்க முடியாது. மரபு அதை அனுமதிக்காது. ஆகவே கதரின் விலைச் சிக்கல் அதன் முழு எடையோடு விழுந்த இடங்களுள் மணச்சேலையும் ஒன்று.

அந்த எடையை ஓர் எளிய கணக்கால் காட்டலாம். 6 கெஜ நீளமும் 45 அங்குல அகலமும் கொண்ட ஒரு சேலையில் பாவிலும் ஊடையிலும் அங்குலத்துக்கு 40 இழைகள் உள்ளன என்று கொள்வோம். பாவில் 1,800 இழைகள். ஒவ்வொன்றும் 6 கெஜம். ஆக 10,800 கெஜம். ஊடையில் 8,640 இழைகள். ஒவ்வொன்றும் ஒன்றேகால் கெஜம். அதுவும் 10,800 கெஜம். மொத்தம் 21,600 கெஜ நூல். மணிக்கு 300 கெஜம் நூற்கும் கை என்றால், நூற்பதற்கு மட்டும் 72 மணி நேரம். பஞ்சைக் கொட்டிப் பட்டையாக்குவதும், பாவு ஓட்டுவதும், நெய்வதும், சாயமிடுவதும் இதில் சேரவில்லை.

1924 டிசம்பரில் காந்தி தலைமையில் கூடிய பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர் சந்தாவாக மாதம் 2,000 கெஜ நூல் தர வேண்டும் என்று விதித்தது. ஆண்டுக்கு 24,000 கெஜம். மேற்கண்ட கணக்கோடு ஒப்பிட்டால், ஒரு காங்கிரஸ் உறுப்பினரின் ஓராண்டுச் சந்தா ஏறத்தாழ ஒரு சேலை. அந்த விதி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1925 செப்டம்பரில் நூற்சந்தா கட்டாயம் என்ற நிலை தளர்த்தப்பட்டது. நூற்புப் பணியை நடத்த அகில இந்திய சர்க்கா சங்கம் தனியே தோன்றியது. தேசத் தொண்டர்களாலேயே தொடர்ந்து தர முடியாத உழைப்பு ஒவ்வொரு கதர்ச் சேலைக்குள்ளும் இருந்தது என்பதையே இந்நிகழ்வு காட்டுகிறது.

விலையோடு நிறமும் தடையாயிற்று. காந்தியத்தின் நிறம் வெள்ளை. கேரளத்தில் கசவு வைத்த வெண்ணிற ஆடை மணக்கோலத்துக்கு உரியது. பார்சி மணமகளும் வெண்மையே உடுத்துகிறாள். ஆனால் வட இந்தியாவின் பெரும்பகுதியில் இந்துப் பெண்களுக்கு வெள்ளை கைம்மையின் அடையாளம். சுமங்கலிப் பெண்கள் வெள்ளைக் கதரை உடுத்தத் தயங்கியதற்கு அதன் முரட்டுத்தன்மையும் எடையும் மட்டும் காரணமல்ல. இந்தியாவில் ஆடையும் அடையாளமும் பற்றி எம்மா டார்லோ 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் தயக்கங்களைக் கவனப்படுத்துகிறது. இப்பின்னணியில் பார்த்தால் 1942இன் இளஞ்சிவப்பு ஒரு சமரசம்: துணி இயக்கத்தினுடையது, நிறம் மணமகளுடையது.

கதரை மலிவாக்க ஒரு குறுக்குவழி இருந்தது: நூற்பவளின் கூலியைக் குறைப்பது. நெடுங்காலம் அதுவே நடந்தது. நூற்போருள் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஏழைப் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். 1935இல் காந்தியின் வற்புறுத்தலால் சர்க்கா சங்கம் நூற்போருக்குக் குறைந்தபட்சக் கூலி என்ற கொள்கையை ஏற்றது. கூலி உயர்ந்தால் துணி விலை உயரும், விற்பனை சரியும் என்று சங்கத்துக்குள்ளேயே அச்சம் எழுந்தது. பட்டினிக் கூலியில் விளையும் மலிவை ஏற்க முடியாது என்பதில் காந்தி உறுதியாக நின்றார். ஏழைக்கு எட்டாத துணி எதற்கு என்பது 1921இன் கேள்வி; ஏழையின் கூலியைத் தின்னும் துணி எதற்கு என்பது 1935இன் கேள்வி. இரண்டும் நியாயமானவை. இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் விலை எதுவும் அன்று கண்டுபிடிக்கப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல் விளக்கம் தேவை. வடமொழிகளில் வழங்கும் ‘கத்தர்’ தமிழில் ‘கதர்’ ஆயிற்று. ‘காதி’ பின்னர் அரசு வழக்கோடு பரவியது. அன்றாடப் பேச்சில் கதரும் கைத்தறியும் ஒன்றாகவே கொள்ளப்படுகின்றன. இரண்டும் வேறு. கைத்தறித் துணியின் நூல் ஆலையில் நூற்றதாக இருக்கலாம். காதி, கிராமத் தொழில்கள் ஆணையத்துக்கான 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் கையால் நூற்ற பருத்தி, பட்டு அல்லது கம்பளி நூலைக் கொண்டு கைத்தறியில் நெய்ததே காதி. ஆகவே விலை வேறுபாட்டின் பெரும்பகுதி நூற்பிலேயே பிறக்கிறது. 1950களில் பரவிய, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் வடிவமைத்த, பல கதிர்கள் கொண்ட அம்பர் சர்க்கா குறைக்க முயன்றதும் இந்த நூற்பு நேரத்தைத்தான். மறுபுறம், ஆந்திரத்தின் பொந்தூரில் மீன் தாடை எலும்பால் பஞ்சைச் சீவி மெல்லிய நூல் எடுக்கும் முறை இன்றும் வழக்கில் உள்ளது. அங்கு நேரத்தைக் குறைத்தால் துணியின் தன்மையே மாறிவிடும்.

1942இன் சேலைக்குப் பின்கதை ஒன்று உண்டு. 1968 பிப்ரவரியில் ராஜீவ் காந்தியை மணந்தபோது சோனியா அதே சேலையை உடுத்தினார். 1997இல் பிரியங்காவும் தம் திருமணத்தில் அதனை உடுத்தியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. ஒரு முறை உடுத்திப் பெட்டியில் வைக்கும் துணிக்கு 72 மணி நேர நூற்பு மிகையாகத் தோன்றலாம். மூன்று தலைமுறைகளுக்குப் பகிர்ந்தால் அவ்வாறு தோன்றாது. பழைய சேலையைப் பேணி மகளுக்குக் கொடுப்பது எளிய குடும்பங்களிலும் உள்ள வழக்கமே. துணியின் அளவைக் குறைக்காமலும் கூலியைக் குறைக்காமலும் செலவைக் குறைக்க, அந்த வழக்கம் ஒரு வழியைக் காட்டுகிறது.

அந்த ஒரு சேலையின் நூலை நூற்றவர் யார் என்பதை வரலாறு அறியும், ஏனெனில் அவர் நேரு. அதே ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த பிற கதர்ச் சேலைகளின் நூல், பெயர் பதிவாகாத பெண்களின் கையிலிருந்து வந்தது. இன்று இயற்கைக்கு இசைந்த மணச்சேலை வேண்டும், அது வசதிக்குள் அடங்கவும் வேண்டும் என்று தேடும் குடும்பங்கள் சாயத்தையும் பஞ்சின் வகையையும் கவனமாக விசாரிக்கின்றன. நூற்றவளுக்கு மணிக்கு எவ்வளவு கிடைத்தது என்ற 1935இன் கேள்வியையும் அந்த விசாரணையில் சேர்த்துக்கொள்ளலாம்.