மௌனம் சம்மதமா?

பெண் பார்க்க வந்த இடத்தில் மணப்பெண் தலைகுனிந்து நின்றால், "மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி" என்று பெரியவர்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்ட காலம் ஒன்று உண்டு. அவளிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடந்த அரை நூற்றாண்டில் பல நாடுகளின் உறுப்புதானச் சட்டங்களுக்குள்ளும் இந்த விதி நுழைந்திருக்கிறது. உயிரோடிருக்கையில் "வேண்டாம்" என்று சொல்லாதவர், இறந்தபின் கொடுக்கச் சம்மதித்தவராகவே கொள்ளப்படுவார்.

இதற்கு முன்னால் மரணத்தின் வரையறையே மாறியிருந்தது. 1967 டிசம்பரில் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒரு மனித இதயத்தை இன்னொருவருக்குப் பொருத்தினார். அடுத்த ஆண்டே ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று மூளைச்சாவை மரணமாக ஏற்கலாம் என்றது. செயற்கைச் சுவாசத்தில் நெஞ்சு ஏறி இறங்குகிறது, கை சூடாக இருக்கிறது. ஆனாலும் ஆள் இறந்துவிட்டார் என்று குடும்பத்திடம் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு தானமும் கேட்க வேண்டும். உலகத்தில் இதைவிடக் கடினமான கேள்வி அதிகம் இல்லை.

1976இல் பிரான்ஸ், செனட்டர் ஹென்றி கையவேயின் பெயரால் அறியப்படும் சட்டத்தில், மறுப்பு இல்லையென்றால் சம்மதம் என்று எழுதிக்கொண்டது. 1979இல் ஸ்பெயினும் அப்படியே செய்தது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்தும் ஸ்பெயினில் பத்து லட்சம் பேருக்குச் சுமார் 14 கொடையாளர்களே இருந்தார்கள். 1989இல் சிறுநீரக மருத்துவர் ரஃபேல் மதேசான்ஸ் தலைமையில் அங்கே தேசிய உறுப்புமாற்று அமைப்பு தொடங்கியது. சம்மதம் பற்றிய விதியை அவர்கள் தொடவில்லை. மருத்துவமனைகளில் ஒருங்கிணைப்பாளர்களை அமர்த்தினார்கள். பெரும்பாலும் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்களான அவர்களுக்கு, துயரத்தில் இருப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்று பயிற்சி கொடுத்தார்கள். 1990களின் முடிவில் அந்த 14 என்ற எண்ணிக்கை 30ஐத் தாண்டியிருந்தது. சட்டம் மௌனத்தைப் போதும் என்றாலும், அங்கே குடும்பத்தைக் கேட்டுவிட்டே உறுப்புகளை எடுக்கிறார்கள்.

தமிழை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட சிங்கப்பூர் இந்த விதியை இன்னும் கறாராக எடுத்துக்கொண்டது. 1987ஆம் ஆண்டுச் சட்டம் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை மட்டும் குறித்தது. முஸ்லிம்களுக்கு விலக்கு இருந்தது. 2004இல் கல்லீரல், இதயம், கருவிழி ஆகியவையும், விபத்தல்லாத மரணங்களும் சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். விலகிக்கொள்ள உரிமை உண்டு. ஆனால் விலகியவருக்கே நாளை ஓர் உறுப்பு தேவைப்பட்டால், காத்திருப்போர் வரிசையில் அவர் பின்னுக்குப் போவார்.

தமிழ்நாட்டின் கதை வேறு. 1980களிலும் 90களிலும் சிறுநீரகம் விற்றவர்களால் சென்னை வில்லிவாக்கத்தின் பெயர் கெட்டது. இந்திய நாடாளுமன்றம் 1994இல் இயற்றிய சட்டம் அந்த வணிகத்தைக் குற்றமாக்கி, மூளைச்சாவை மரணமாக ஏற்றது. மௌனத்தை அது சம்மதமாக எடுக்கவில்லை; வாய்விட்டோ எழுதியோ யாராவது சொல்ல வேண்டும். 2008இல் மாநில அரசு அரசாணைகள் மூலம் மூளைச்சாவை அறிவிக்கவும் உறுப்புகளை முறைப்படி பகிரவும் வழிவகுத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவடைந்த ஒரு சிறுவனின் உறுப்புகளைப் பெற்றோர் கொடுத்தார்கள். தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்கு அவன் இதயம் போக, போலீசார் சென்னைச் சாலைகளை ஒதுக்கிக் கொடுத்தார்கள். அந்தப் பயணத்துக்கு ஆன நேரம் 11 நிமிடம். அந்தப் பெற்றோரின் ஒரு சொல் எந்த விளம்பரத்தையும்விட அதிகம் பேசியது. 2023இல், உறுப்பு கொடுத்தவர்களின் இறுதிச்சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று மாநில அரசு அறிவித்தது. சட்டம் ஊகிக்க மறுத்த இடத்தில், கேட்பதும் நன்றி சொல்வதும் வேலை செய்தன.

இப்போது நாம் வாழும் நாடுகளுக்கு வருவோம். வேல்ஸில் 2015 டிசம்பரிலும் இங்கிலாந்தில் 2020 மே மாதத்திலும் மௌனம் சம்மதமாயிற்று. கனடாவில் நோவா ஸ்கோஷியா 2021இல் அதே வழியில் போனது. நம்மவர்கள் நிறைந்த ஒன்ராறியோவில் இன்னும் பதிந்தால்தான் சம்மதம். சட்டம் எப்படி இருந்தாலும் செவிலியர் குடும்பத்தைத் தேடித்தான் வருவார். பிரித்தானியாவில் தெற்காசியக் குடும்பங்கள் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே "சரி" என்கின்றன. இரத்தப் பிரிவும் திசுவும் ஒத்துப்போவதற்குத் தன் இனத்தவரிடமே வாய்ப்பு அதிகம் என்பதால், நம்மவர் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலமும் நீள்கிறது. மறுப்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். அப்பா என்ன நினைத்திருப்பார் என்று தெரியாதபோது, "வேண்டாம்" என்பதே பாதுகாப்பாகத் தோன்றுகிறது.

நம் வீடுகளில் மருத்துவமனைக்கு மொழிபெயர்க்கப் போவது பிள்ளைகள்தாம். அப்பாவின் பிரஷர் மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பது மகளுக்குத் தெரியும். ஊரில் எந்தக் காணி யார் பெயரில் இருக்கிறது என்பதுகூடத் தெரியும். அந்தக் கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் அம்மாவிடம் சொல்லப் போகிறவளும் அவளே. அதற்கான பதிலை மட்டும் அப்பா அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை.