பாட்டின் முதலெழுத்து



கிள்ளான் பக்கத்துக் கல்யாண மண்டபங்களிலும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீடுகளிலும், விருந்து முடிந்தபின் பாட்டுக்குப் பாட்டு தொடங்கிவிடுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஒருவர் பாடி நிறுத்துகிறார். நின்ற எழுத்தை எடுத்துக்கொண்டு எதிர்க்கட்சி பாடவேண்டும். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீத் நடத்திப் பின்னர் தொலைக்காட்சிக்கும் கொண்டுவந்த நிகழ்ச்சியால் இவ்விளையாட்டுக்கு இப்பெயரே நிலைத்துவிட்டது.

ஜப்பானியரிடமும் இதே விளையாட்டு உண்டு. கரோக்கே அறையில் அமர்ந்து, ஒரே எழுத்தில் தொடங்கும் பாடல்களை மட்டும் மாறிமாறிப் பாடுவர். அல்லது முன்னவர் பாடிய பாட்டின் பெயர் எந்த எழுத்தில் முடிந்ததோ அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் எடுப்பார். இரண்டாவது வகைக்கு ஷிரிதோரி என்று பெயர். பின்பக்கத்தைப் பிடித்தல் என்பது அதன் பொருள். காரைக்கால் அம்மையார் காலந்தொட்டு அந்தாதி பாடிவரும் நமக்கு இது விளங்காத செய்தியன்று.

இப்படி விளையாடுவோருக்குக் கைகொடுத்தவை, கரோக்கே அறைகளில் முன்பு கிடந்த தடித்த பாட்டுப் பட்டியல் புத்தகங்கள். இப்போது அவற்றின் இடத்தைக் கைப்பலகைக் கருவிகள் பிடித்துக்கொண்டன. ஆனால் பட்டியலின் வரிசை மாறவில்லை. அந்த வரிசையைப் பற்றியே இன்று பேச வந்தேன்.

ஜப்பானிய எழுத்துகளுக்கு ஐம்பதொலி அட்டவணை என்று ஒன்று உண்டு. அதன் உயிர்கள் அ, இ, உ, எ, ஒ என்னும் ஐந்து. நம் அரிச்சுவடியில் குற்றுயிர்களை மட்டும் பொறுக்கிச் சொல்லிப் பாருங்கள். அதே ஐந்து, அதே முறையில் வரும். அடுத்து மெய் வரிசைகள்: க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம் பதினெட்டு மெய்களில் ங, ஞ, ட, ண, ல, ழ, ள, ற, ன ஆகிய ஒன்பதையும் நீக்கிவிட்டால் எஞ்சுபவை க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. வேறுபாடு ஓரிடத்தில்தான்: நம் பகரம் நிற்கும் இடத்தில் அவர்களுக்கு ஹகரம் நிற்கிறது. அந்த ஹகரமும் பழங்காலத்தில் பகரமாகவே ஒலித்தது என்பது மொழிநூலார் கண்ட முடிவு. நம் பால் கன்னடத்தில் ஹாலு ஆகவில்லையா? அதுபோன்றதே இதுவும்.

இது தற்செயல் அன்று. கி.பி. 736இல் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி ஜப்பான் சென்றார். 752இல் நாரா நகரத்துப் பெரிய புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை முன்னின்று நடத்தியவர் அவரே. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், 806இல், கூகாய் என்னும் ஜப்பானியத் துறவி சீனத்தில் கற்றுத் திரும்பியபோது, வடமொழி மந்திரங்களை எழுதும் சித்தம் என்ற இந்திய எழுத்தின் கல்வியையும் உடன் கொண்டுவந்தார். மந்திரத்தைப் பிழையின்றி ஓத வேண்டுமானால் ஒலி பிறக்கும் இடம் தெரிய வேண்டும். தொண்டையில் தொடங்கி உதடுவரை வரும் இந்திய ஒலி வரிசையைத் துறவிகள் மனனம் செய்தனர். அந்த வரிசையிலே தங்கள் மொழியின் ஒலிகளையும் அடுக்கிப் பார்த்தனர். 11ஆம் நூற்றாண்டளவில் ஐம்பதொலி அட்டவணை உருவாகிவிட்டது.

ஆயினும் அது நெடுங்காலம் மடத்துக் கல்வியாகவே இருந்தது. பொதுமக்கள் எழுத்துக் கற்றது இரோஹா என்னும் செய்யுளைக் கொண்டு. நாற்பத்தேழு எழுத்துகளையும் ஒருமுறைக்கு மேல் வராமல் வைத்துக் கட்டிய பாட்டு அது. 1889 முதல் 1891 வரை வெளிவந்த கென்காய் என்ற பேரகராதி ஐம்பதொலி முறையை மேற்கொண்டது. அதன்பின் இரோஹா மெல்ல ஒதுங்கிற்று. பாட்டுப் பட்டியலும் இம்முறைக்கே வந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் 1894இல் சிங்களப் பௌத்தர்கள் தோற்றுவித்த மகா விகாரை இருக்கிறது. அங்கு ஓதப்படும் பாலி மொழிக்கும் இதே நெடுங்கணக்கு முறைதான். ஒரு புறம் விகாரை, மறுபுறம் தமிழ்க்கடையின் பாட்டுச் சத்தம். இரண்டுக்கும் நடுவே தோக்கியோ கரோக்கேப் பட்டியலின் மூலம் கிடக்கிறது என்று யார் எண்ணுவார்?

முதலெழுத்தைக் கொண்டு பாட்டைப் பிடிப்பது ஜப்பானியருக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா தெய்க்கா, புலவருக்கு ஒன்றாக நூறு பாட்டுகளைத் தொகுத்தார். பின்னாளில் அது சீட்டு விளையாட்டாயிற்று. ஒருவர் பாட்டை வாசிப்பார். அதன் பின்பாதி எழுதிய சீட்டைத் தரையிலிருந்து முந்தி எடுப்பவருக்கு வெற்றி. நூறு பாட்டுகளில் ஏழு மட்டும் வேறெந்தப் பாட்டுக்கும் இல்லாத முதலெழுத்தைக் கொண்டவை. அந்த ஓரெழுத்தைக் கேட்ட மாத்திரத்தில் கை பாயும். அகரத்தில் தொடங்குவனவோ பதினாறு. அங்கே அவசரப்பட்டால் தோல்விதான். தேர்ந்த ஆட்டக்காரர் நூறு பாட்டையும் முதலெழுத்து வாரியாக நெஞ்சில் பிரித்து வைத்திருப்பார். கரோக்கே விளையாட்டுக்கு இதுவே பாட்டி முறை.

கரோக்கே இயந்திரம் பிறந்தது அண்மையில்தான். தோக்கியோவில் நெகிஷி ஷிகெயிச்சி 1967இல் ஒன்றைச் செய்தார். கோபே நகரத்து இசைக்கலைஞர் இனோவே தைசுகே 1971இல் தனியாக ஒன்றைச் செய்து மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். அவர் காப்புரிமை பெறவில்லை. பெற்றிருந்தால் என்ன சேர்த்திருப்பார் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஷிரிதோரியின் சூது எங்கே இருக்கிறது தெரியுமா? ரகர வரிசையில். 1977இல் சென் மசாவோ பாடிய கிதாகுனி நோ ஹாரு, 1980இல் தானிமுரா ஷின்ஜி பாடிய சுபாரு, இரண்டும் ஆசியாவெங்கும் பரவிய பாட்டுகள். இரண்டின் பெயரும் 'ரு' என்று முடிகின்றன. இவற்றில் ஒன்றைப் பாடிவிட்டால் அடுத்தவர் திண்டாடுவார். ஏனெனில் ஜப்பானியத் தனிச்சொல் எதுவும் ரகரத்தில் தொடங்குவதில்லை. கடன்சொல்லைத்தான் தேட வேண்டும்.

இது தொல்காப்பியரின் விதி அல்லவா? ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகியவை தமிழ்ச்சொல்லுக்கு முதலில் வாரா. அதனாலன்றோ ராமனை இராமன் என்றும் லோகத்தை உலோகம் என்றும் எழுதினோம். நம் பாட்டுக்குப் பாட்டில் எழும் சண்டைகளில் பாதி இங்கே பிறப்பதே. 'ராஜா' என்று தொடங்கும் பாட்டை ரகரத்தில் சேர்ப்பதா, இகரத்தில் சேர்ப்பதா? பாடகர் இகரத்தை ஒலிக்கவில்லை, தமிழாசிரியரோ விடமாட்டார். காதுக்குக் கேட்பதே சட்டம் என்பது என் கட்சி.

இவ்வொற்றுமையைக் கொண்டு தமிழும் ஜப்பானியமும் உடன்பிறப்புகள் என்று சொல்லிவிடலாகாது. துருக்கிய, மங்கோலிய மொழிகளின் சொற்களும் ரகரத்தில் தொடங்குவதில்லை. ஓனோ சுசுமு என்ற அறிஞர் அத்தகைய உறவை நிறுவப் பல ஆண்டுகள் உழைத்தார்; மொழிநூலாரில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. எழுத்து வரிசை கடனாகப் போனதற்கு மொழியுறவு வேண்டியதில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியப் படையிடம் வீழ்ந்தது. கடிகாரம் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பப்பட்டது. பள்ளிகள் திறந்தபோது பிள்ளைகளுக்குக் கதகானா எழுத்தும் ஜப்பானியப் பாட்டும் வந்தன. காலையில் தோக்கியோ திசை நோக்கி நின்று கிமிகாயோ பாட வேண்டும். 905இல் தொடங்கிய ஒரு பழந்தொகை நூலிலிருந்து எடுத்த சொற்கள் அவை என்பதைப் பிள்ளைகளுக்கு யார் சொன்னார்கள்? பொருள் தெரியாமல் ஓசையை மட்டும் பிடித்துப் பாடினார்கள்.

அதே காலத்தில் தோட்டங்களிலிருந்து அவர்களுடைய தகப்பன்மாரையும் அண்ணன்மாரையும் சயாமுக்கு ஏற்றிச் சென்றனர். 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் இணைக்கப்பட்ட அந்த ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். மலாயாவிலிருந்து போன தமிழ்த் தொழிலாளரில் பல்லாயிரவர் திரும்பவில்லை. வகுப்பறையில் அ, இ, உ, எ, ஒ. வீட்டில் ஆள் இல்லை. ஜப்பான்காரன் காலம் என்று நம் மூத்தோர் சொல்லும்போது இவ்விரண்டும் சேர்ந்தே நினைவுக்கு வருகின்றன. அடிப்பவனுடைய எழுத்து என்று கற்றதை, தம் முன்னோர் நாட்டிலிருந்து புறப்பட்ட வரிசை என்று அவர்கள் அறிய வழியே இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1982இல், கிழக்கை நோக்கும் கொள்கை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டே மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானுக்குப் படிக்கச் செல்வோர்க்கான ஆயத்த வகுப்பு தொடங்கியது. பிரிக்பீல்ட்ஸுக்கு அருகே பந்தாய்ப் பள்ளத்தாக்கில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில், இம்முறை விரும்பி வந்தவர்கள் அதே எழுத்தைக் கற்றார்கள். கரோக்கேயும் ஏறக்குறைய அக்காலத்தில்தான் இப்பக்கம் பரவியது. ஜப்பானியப் பாட்டு இப்போது யாரையும் நிமிர்ந்து நிற்கச் சொல்லவில்லை.

சகாமோதோ கியூ 1961இல் பாடிய ஒரு பாட்டு 1963இல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதை உலகம் 'சுகியாகி' என்றழைக்கிறது. அது ஓர் இறைச்சி உணவின் பெயர். ஜப்பானியப் பெயரோ 'உவே' என்று தொடங்குகிறது. வெளிநாட்டுப் பட்டியலில் சகரத்தில் தேட வேண்டிய பாட்டு, ஜப்பானியப் பட்டியலில் மூன்றாம் எழுத்தான உகரத்திலேயே கிடைத்துவிடும்.

ஜப்பான்காரன் காலத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்று தொண்ணூறைத் தொட்டவர்கள், கடந்தவர்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், அந்த எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பக்கத்தில் ஒரு தமிழ் அரிச்சுவடியை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாருங்கள். மகரத்தை அடுத்து அவர் வாயில் யகரம்தான் வரும்.