நெருப்புக்குப் பிறகு வரும் பாடம்

ஆகஸ்ட் 6 வந்தால் எங்கள் ஏர்வாடிப் பெரியவர்களுக்கு இன்றும் மனம் கனக்கும். 2001-ம் ஆண்டு அன்று விடியற்காலையில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் அத்தகைய விடுதிகளை அரசு மூடியது.

பட்ட பிறகுதான் புத்தி வருகிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். எங்களுக்கு வரலாற்றுப் பாடம் என்றாலே நெப்போலியன்தான். 1810-ல் பாரிஸில் ஆஸ்திரியத் தூதர் கொடுத்த விருந்தில் தீப்பிடித்தது. அந்த விருந்தில் அவரும் இருந்தார். மறு வருடமே, பயிற்சி பெற்ற சிப்பாய்களைக் கொண்டு தீயணைப்புப் படை அமைத்தார். இன்றும் பாரிஸின் தீயணைப்புப் படை ராணுவத்தைச் சேர்ந்ததுதான்.

நம் நாட்டில் 1944 ஏப்ரல் 14 அன்று, பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றி நின்ற கப்பல் வெடித்தது. அணைக்கப் போன 66 தீயணைப்பு வீரர்கள் உயிர்விட்டார்கள். ஆண்டுதோறும் நாம் தீத்தொண்டு வாரம் அனுசரிப்பது அவர்கள் நினைவாகத்தான். தீயணைப்புக்கென மத்திய அரசு தேசியக் கல்லூரி தொடங்கியது 1956-ல். இப்போது அது நாக்பூரில் இருக்கிறது.

பயிற்சி கொடுக்கிறோம், சரி. அதற்கு மேல் படிக்க ஆசைப்பட்டால்? எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறான். டிப்ளமோ படிக்க விசாரித்தவன், கட்டணத்தைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், தீயணைப்பு வீரர்கள் அரசுக் கல்லூரிகளில் தங்கள் துறைப் பாடங்களைப் படித்தால் கல்விக் கட்டணம் கிடையாது என்று சட்டமே உண்டு.

நம்மிடமும் வழி இல்லாமல் இல்லை. வேலைக்கேற்ற படிப்பைத் தரும் சமுதாயக் கல்லூரி, 1995-லேயே புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் வந்துவிட்டது. 2013-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் அத்தகைய கல்லூரிகளுக்கு உதவத் தொடங்கியது. அவற்றில் தீயணைப்பு வீரருக்கும் 108 ஊழியருக்கும் கட்டணமில்லாமல் சில இடங்கள் ஒதுக்கினால் கஜானா காலியாகிவிடாது.

முப்பது வருஷம் கோப்பு புரட்டியவன் சொல்கிறேன்: இதைச் செலவுக் கணக்கில் எழுதக் கூடாது, கடன் கணக்கில் எழுத வேண்டும். நமக்காக நெருப்புக்குள் போகிறவர்களுக்கு நாம் பட்ட கடன் அது. இன்னொரு ஆகஸ்ட் 6 வருமுன் அடைத்துவிட்டால் நல்லது.