விமானிகளின் பணிமூப்பு வழக்குகள்

பணிமூப்பு என்பது, விமானக் கம்பெனியொன்றில் விமானியாகச் சேர்ந்த தேதியை ஆதாரமாகக் கொண்டு அக்கம்பெனியார் வகுத்து வைக்கும் பட்டியலில் ஒருவருக்கு உரிய வரிசை எண்ணைக் குறிக்கும். பார்வைக்கு வெறும் எண்ணேயாயினும், எந்த ரக விமானத்தை அவர் ஓட்டுவார், எந்த ஊரில் இருந்துகொண்டு வேலை செய்வார், வலது ஆசனத்தில் துணை விமானியாக அமர்ந்திருப்பவர் எப்போது இடது ஆசனமாகிய கமாண்டர் ஸ்தானத்தை அடைவார், வியாபாரம் குன்றிய காலத்தில் யார் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவார் என்னும் விஷயங்கள் யாவும் அந்த எண்ணைப் பற்றியே நிற்பதால், விமானிகள் தம் சம்பளத்தைக் காட்டிலும் அதிகக் கவலையோடு காத்து வரும் சொத்து அதுவே எனலாம். இச்சொத்தின் விசித்திரமான குணம், அதை வேறிடத்துக்குக் கொண்டுபோக முடியாது என்பது. இருபது வருஷம் ஓரிடத்தில் ஊழியம் செய்தவரும், அக்கம்பெனி மூடப்பட்டு இன்னொன்றில் சேர நேர்ந்தால், அங்கே கடைசி எண்ணைத்தான் பெறுவது பொது வழக்கம்.

மூப்பு என்பது மற்ற உத்தியோகங்களிலும் உண்டு. ஆனால் குமாஸ்தா ஒருவர் ஒரு மேஜையிலிருந்து மற்றொரு மேஜைக்கு மாறப் புதிய உரிமம் எதுவும் வேண்டியதில்லை. விமானிக்கோ, ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனித்தனியே பயிற்சி பெற்று, பரீட்சை தேறி, உரிமத்தில் அந்த ரகத்தின் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஆகையால் கம்பெனி தன் பெரிய விமானங்களைச் சேவையிலிருந்து நீக்கும்போது, அவற்றின் கமாண்டர்கள் மூப்பின் வலிமையால் அடுத்த சிறிய ரகத்தின் இடது ஆசனத்துக்கு இறங்க, அங்கே இருந்தவர்கள் அதனினும் சிறியதற்கோ வலது ஆசனத்துக்கோ தள்ளப்பட, வரிசையின் கடைசியில் நிற்கும் இளையவர்கள் வேலையைவிட்டே வெளியேற, ஒரே முடிவிலிருந்து பல இடமாற்றங்களும் அவை ஒவ்வொன்றுக்கும் புதிய பயிற்சிச் செலவும் கிளைத்துவிடுகின்றன. இச்செலவுக்கு அஞ்சி நிர்வாகம் பட்டியலை மீறித் தனக்கு வேண்டிய ரகத்தவரை மட்டும் நிறுத்திக்கொள்ளப் பார்ப்பதும், பட்டியலே பிரமாணம் என்று சங்கம் அதைத் தடுப்பதும் இவ்வழக்குகளில் ஒரு வகை. இரண்டு கம்பெனிகள் ஒன்றாகும்போது இரண்டு பட்டியல்களை எப்படி ஒன்றாக்குவது என்னும் சர்ச்சை மற்றொரு வகை. கசப்பு மிகுந்ததும் இதுவே.

முதல் வகைக்கு ஐக்கிய அமெரிக்காவே தாயகம். அங்கே 1931இல் டேவிட் பெங்க்கேயின் தலைமையில் விமானிகள் சங்கம் ஸ்தாபிக்கப்பட்ட பின், மூப்புப் பட்டியல் படிப்படியாக ஒப்பந்தங்களின் முதுகெலும்பாயிற்று. வியாபாரம் மந்தமானால் பட்டியலின் அடியிலிருந்து மேல்நோக்கி ஆட்களைத் தற்காலிகமாக நிறுத்தி, நிலைமை சீர்ப்பட்டதும் அதற்கு நேர்மாறான வரிசையில் திரும்ப அழைக்கும் சம்பிரதாயம் வேரூன்றியது. 1978இல் அரசாங்கக் கட்டுப்பாடு தளர்ந்து, கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கியதும் இரண்டாவது வகை பெருகிற்று. 2001இல் டிரான்ஸ் வேர்ல்ட் கம்பெனியை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கியபோது, வாங்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வாங்கியவர்களின் பட்டியலுக்கு அடியில் சேர்க்கப்பட்டனர்; அவ்வாண்டு செப்டம்பர் 11ஆம் தேதித் தாக்குதலை ஒட்டி ஆட்குறைப்பு வந்தபோது, பல்லாண்டு அனுபவமுள்ள அவர்களே முதலில் வெளியேற நேர்ந்தது. அவர்களுடைய மாநிலமான மிசூரியின் செனட்டர்கள் இருவர் முயன்று, பட்டியல் இணைப்பு நியாயமாக நடைபெற வேண்டும், இசைவு ஏற்படாவிடில் மத்தியஸ்தரிடம் விடப்பட வேண்டும் என்று 2007இல் ஒரு சட்டம் இயற்றச் செய்தார்கள்.

அதே 2007இல் ஜார்ஜ் நிக்கலாவ் என்னும் மத்தியஸ்தர், யு.எஸ். ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட் ஆகிய இரண்டின் பட்டியல்களையும் இணைத்து அளித்த தீர்ப்பு இத்துறையில் நிரந்தர உதாரணமாகிவிட்டது. முன்னதன் விமானிகள் வயதிலும் ஊழியத்திலும் மூத்தவர்கள்; ஆனால் அவர்களிற் பலர் வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருந்தனர். பின்னதன் விமானிகள் இளையவர்கள். ஆனால் அனைவரும் வேலையில் இருந்தனர். சேர்ந்த தேதியே அளவுகோல் என்றது ஒரு கட்சி. இணையும் நாளில் யாருக்கு எந்த ஆசனம் இருந்ததோ அதுவே அளவுகோல் என்றது மறுகட்சி. ஆரணியிலும் சந்தவாசலிலும் பட்டுத்தறியில் பழைய பாவு தீரும்போது புதிய பாவை இழைக்கு இழை பிணைக்கிறார்களே, அங்கே இரண்டு பாவிலும் இழைகளின் எண்ணிக்கை ஒத்திருப்பதால்தான் வேலை நடக்கிறது. எண்ணிக்கையும் தன்மையும் ஒவ்வாத இரண்டு பாவுகளைப் பிணைக்கச் சொன்னால் எந்த நெசவாளரும் கைவிரித்துவிடுவார். நிக்கலாவ் பெரிய சர்வதேச விமானங்களை ஓட்டிய மூத்தவர்கள் சிலரை உச்சியில் வைத்து, நிறுத்திவைக்கப்பட்டிருந்தவர்களை அடியில் வைத்து, மற்றவர்களை விகிதப்படி கலந்தார். பெரும்பான்மையினரான யு.எஸ். ஏர்வேஸ் விமானிகள் அதை ஏற்க மறுத்துப் பழைய சங்கத்தையே நீக்கிப் புதிய சங்கம் கண்டனர். ஒரே கம்பெனியின் பெயரில் இரண்டு தனித்தனி விமானிக் கூட்டங்கள் வருஷக்கணக்கில் பறந்துகொண்டிருந்தன.

இந்தியாவில் இவ்வரலாறு வேறு பாதையில் சென்றது. 1932 அக்டோபர் 15ஆம் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வர, அங்கிருந்து நெவில் வின்சென்ட் அதைச் சென்னைக்குக் கொண்டு சேர்த்த காலத்தில், விரல்விட்டு எண்ணத்தக்க விமானிகளுக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. தேவை 1953இல் பிறந்தது. அவ்வாண்டு விமானக் கார்ப்பரேஷன் சட்டத்தின்படி, டெக்கான் ஏர்வேஸ், பாரத் ஏர்வேஸ், கலிங்கா ஏர்லைன்ஸ் முதலிய எட்டுக் கம்பெனிகளின் உள்நாட்டுச் சேவைகள் ஆகஸ்டு 1ஆம் தேதி முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் ஒரே ஸ்தாபனத்தின் கீழ் வந்தன. 1952 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே அக்கம்பெனிகளில் தொடர்ந்து பணிபுரிந்தவர்கள் புதிய ஸ்தாபனத்தின் ஊழியர்களாக ஏற்கப்பட்டார்கள். எட்டுக் கம்பெனிகளின் எட்டு வழக்கங்கள் ஒரே பட்டியலுக்குள் அடங்க வேண்டியதாயிற்று. அப்போது விமானங்களிற் பெரும்பாலானவை டக்கோட்டாக்களே ஆதலால், எந்த ரகம் யாருக்கு என்னும் பூசலுக்கு இடம் குறைவாக இருந்தது ஓர் அதிர்ஷ்டம்.

அதே 1953ஆம் ஆண்டின் அக்டோபரிலிருந்து கைத்தொழில் தகராறுச் சட்டத்தில் ஆட்குறைப்பைப் பற்றிய ஓர் அத்தியாயம் சேர்ந்தது என்பது பலர் கவனியாத ஒரு பொருத்தம். ஒரு பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரையே சாதாரணமாக முதலில் நீக்க வேண்டும், மீறினால் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பன அதன் ஷரத்துகளாக இருந்தன. விமானி இச்சட்டத்தின் நோக்கில் தொழிலாளி ஆவாரா என்று நியாயஸ்தலங்களில் பலமுறை வாதிக்கப்பட்டிருக்கிறது. அதைவிட நுட்பமான கேள்வி, பிரிவு என்பது விமானிகள் யாவரையும் குறிக்குமா, ஒவ்வொரு ரக விமானத்தின் விமானிகளும் தனிப் பிரிவா என்பது. இதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்தே மூப்பின் பயன் முழுவதும் இருக்கிறது.

இந்தியன் ஏர்லைன்ஸ் அரசாங்க ஸ்தாபனமாதலால் விமானிகளை வெளியேற்றும் அவசியம் நெடுங்காலம் எழவில்லை. டக்கோட்டாவுக்கு மேல் 1957இல் வைக்கவுண்ட், 1961இல் ஃபாக்கர், 1964இல் கரவெல், பிறகு போயிங் 737, 1976இல் ஏர்பஸ் ஏ300 என்று படிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போயின. ஒருவர் மேற்படிக்கு ஏறினால் கீழே ஓரிடம் காலியாயிற்று. நம் நாட்டில் தேக்கம் ஆட்குறைப்பாக வெளிப்படாமல், கமாண்டர் பதவிக்குக் காத்திருக்கும் ஆண்டுகளின் நீட்சியாகவே வெளிப்பட்டது என்பது என் அபிப்பிராயம். அமெரிக்க விமானி வேலை போகும் என்று அஞ்சினார். இந்திய விமானி வலது ஆசனத்திலேயே வயது போய்விடும் என்று அஞ்சினார். இந்த வேற்றுமையை மனத்திற்கொள்ளாமல் 2012ஆம் ஆண்டில் ஏர் இந்தியாவில் நடந்த வேலைநிறுத்தத்தை விளங்கிக்கொள்ள இயலாது.

2007இல் ஏர் இந்தியாவும், இந்தியன் ஏர்லைன்ஸாக இருந்து இந்தியன் என்று பெயர் சுருக்கிக்கொண்ட உள்நாட்டுக் கம்பெனியும் ஒரே கம்பெனியாயின. காகிதத்தில் ஒன்றான இரண்டும் ஆகாயத்தில் ஒன்றாகவில்லை. ஏர் இந்தியாவின் விமானிகள் பம்பாயை மையமாகக் கொண்டு நெடுந்தூர அகல விமானங்களை ஓட்டினர். அவர்களுடைய சங்கம் இந்தியன் பைலட்ஸ் கில்டு. மற்றவர்கள் சென்னை உள்ளிட்ட நான்கு மண்டலங்களிலிருந்து ஏர்பஸ் ஏ320 வகைகளை ஓட்டினர். அவர்களுடைய சங்கம் இந்தியன் கமர்ஷியல் பைலட்ஸ் அசோசியேஷன். சம்பளத்தில் தாழ்ந்திருப்பதாகக் குறைகூறிய பின்னவர்கள் 2011 ஏப்ரல் கடைசியில் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுடைய சங்கத்தின் அங்கீகாரம் ரத்தாயிற்று. பத்து நாட்களுக்குப் பின் மே 6ஆம் தேதி சமரசம் ஏற்பட்டது. இணைப்பால் எழுந்த சம்பள, பதவி உயர்வுச் சிக்கல்களை ஆராய, உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி டி. எம். தர்மாதிகாரியின் தலைமையில் ஒரு கமிட்டி அமைந்து, 2012 ஜனவரியில் அறிக்கை அளித்தது.

அறிக்கையின் மை உலருமுன்னரே அடுத்த தகராறு மூண்டது. ஏர் இந்தியா இணைப்புக்கு முன்பே போயிங்குக்கு ஆர்டர் கொடுத்திருந்த 787 ரக விமானங்கள் 27, ஒவ்வொன்றாக வரும் காலம் நெருங்கியது. அவற்றுக்கான பயிற்சிக்கு இரு சாராரையும் அனுப்புவதென்று நிர்வாகம் தீர்மானித்தது. ஏர் இந்தியாவில் கமாண்டராகப் பத்தாண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்க, உள்நாட்டுக் கம்பெனியில் சுமார் ஆறாண்டில் அந்த ஸ்தானம் கிட்டியதால், ஒரே காலத்தில் சேர்ந்த இருவருள் ஒருவர் கமாண்டராகவும் மற்றவர் துணைவராகவும் இருந்தனர். இவர்களைப் புதிய விமானத்தில் ஒன்றாக அமர்த்தினால் துணைவர் என்றென்றும் துணைவராகவே நின்றுவிடுவார் என்பது கில்டின் வாதம். கம்பெனி ஒன்றானபின் விமானம் மட்டும் ஒரு சாராருக்கு உரியதாவது எப்படி என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருந்தமையே இவ்வழக்கின் துரதிருஷ்டம்.

2012 மே 7ஆம் தேதி இரவு கில்டு விமானிகள் கூட்டமாக உடல்நலக் குறைவைச் சொல்லி விடுப்பு எடுத்தனர். டில்லி உயர்நீதிமன்றம் அதைச் சட்டவிரோதம் என்றது. சங்கத்தின் அங்கீகாரம் பறிபோயிற்று. நூற்றுக்கு மேற்பட்டோர் வேலைநீக்கம் செய்யப்பட்டனர். சர்வதேசச் சேவைகள் சுருங்கின. நட்டம் சுமார் 600 கோடி ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது. 58 நாட்களுக்குப் பின், ஜூலை 3ஆம் தேதி, நீதிமன்றத்தில் உறுதிமொழி கொடுத்து விமானிகள் பணிக்குத் திரும்ப ஒப்பினர். செப்டம்பரில் முதல் 787 டில்லிக்கு வந்து சேர்ந்தபோது, அதற்கான பயிற்சி இரு சாராருக்கும் உரியதாகவே இருந்தது.

தனியார் துறையின் கதை சுருக்கமானது. ஏனெனில் அங்கே கம்பெனியோடு பட்டியலும் மறைந்துவிடுகிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் 1997இலும், பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010இலும் நின்றுபோயின. பாரமவுண்ட் ஓட்டியவை எம்ப்ரேயர் ரக விமானங்கள். அக்காலத்தில் நாட்டின் பெரிய கம்பெனிகள் எவையும் அந்த ரகத்தை வைத்திராமையால், அதன் விமானிகளுக்கு மூப்போடு ரகத் தகுதியும் பயனற்றதாயிற்று. 2012இல் கிங்ஃபிஷரும், 2019 ஏப்ரல் 17ஆம் தேதி ஜெட் ஏர்வேஸும், 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்டும் சேவையை நிறுத்தியபோது, நெடுநாள் கமாண்டராக இருந்தவர்கள் பிற கம்பெனிகளின் வாசலில் புதியவர்களாக நின்றனர்.

கொரோனா தொற்றுப் பரவிய 2020இல்தான் ஆட்குறைப்பு நேரடியாகவே இந்திய விமானியைத் தொட்டது. ஜூலையில் இண்டிகோ தன் ஊழியர்களில் பத்து சதவிகிதத்தினரை விலக்குவதாக அறிவித்தது. ஏர் இந்தியா சம்பளமின்றி ஐந்தாண்டு வரை விடுப்பில் அனுப்பும் திட்டமொன்றைக் கொண்டுவந்தது. ராஜினாமா கொடுத்துப் பின்பு அதைத் திரும்பப் பெற்றிருந்த நாற்பதுக்கு மேற்பட்ட விமானிகளின் பழைய ராஜினாமாவை ஏர் இந்தியா ஆகஸ்டு 13ஆம் தேதி திடீரென்று ஏற்றுக்கொண்டது. ஆட்குறைப்பின் விதிகளைத் தொடாமலே ஆளைக் குறைக்கும் இவ்வழியை டில்லி உயர்நீதிமன்றம் ஒப்பவில்லை. 2021 ஜூன் 1ஆம் தேதி அவ்வுத்தரவுகளை ரத்து செய்து, விமானிகளைப் பாக்கிச் சம்பளத்துடன் மீண்டும் எடுத்துக்கொள்ளச் செய்தது.

2022 ஜனவரி 27ஆம் தேதி ஏர் இந்தியா டாட்டா குழுமத்திடம் திரும்பிய பின் இணைப்புகள் மறுபடி தொடங்கின. ஏர் ஏஷியா இந்தியாவாக இருந்த கம்பெனி 2024 அக்டோபர் 1ஆம் தேதி ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுடனும், விஸ்தாரா நவம்பர் 12ஆம் தேதி ஏர் இந்தியாவுடனும் இணைந்தன. மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த நிச்சயச் சம்பளம் புதிய ஒப்பந்தத்தில் 40 மணி நேரமாகக் குறைவது கண்டு விஸ்தாரா விமானிகள் அவ்வாண்டு ஏப்ரலில் கொதித்தெழ, விமானங்கள் பல ரத்தாயின. ஏர் இந்தியா விமானிகளின் மனக்குறை வேறொன்று: தமக்கு ஓய்வு வயது 58, விஸ்தாராவிலிருந்து வருபவர்களுக்கு 60. ஒரே பட்டியலில் நிற்கும் இருவருள் ஒருவர் இரண்டாண்டு அதிகம் தங்குவாராயின், மூப்பு எண்ணின் மதிப்பே மாறிவிடும் என்றனர். 2025 ஆகஸ்டில் நிர்வாகம் விமானிகளின் ஓய்வு வயதை, விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அனுமதிக்கும் எல்லையான 65 வரை உயர்த்தியது. மேலே இருப்பவர்களுக்கு அது வரமாயிற்று. வலது ஆசனத்தில் இருப்பவர்களுக்கோ காத்திருக்கும் ஆண்டுகள் கூடுமோ என்னும் பழைய அச்சத்துக்கு அது புதிய காரணம் ஆயிற்று.