வணிகர் கேட்டதும் அரசுகள் கொடுத்ததும்

பிற நாட்டு வியாபாரியோடு வழக்காடி வென்ற பின்னும் பணம் கைக்கு வாராவிடில், அவ்வெற்றியால் பயன் யாது? இவ்வினாவிற்கு வணிகர் விடை தேடிய வரலாற்றை மாணவர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1919-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய மாநாட்டிலிருந்து தோன்றியது சர்வதேச வர்த்தக சபை. அது 1923-இல் பாரிஸில் மத்தியஸ்த மன்றம் ஒன்றை நிறுவிற்று. நடுவர்கள் தீர்ப்பளித்தனர், ஆயினும் ஜப்தி செய்யும் அதிகாரம் அரசாங்கத்திடமல்லவா இருக்கிறது! 1927-ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தம் ஓரளவே உதவிற்று. தீர்ப்புப் பிறந்த நாட்டில் ஒரு முறை, சொத்துள்ள நாட்டில் ஒரு முறை என, வென்றவனே இரு நீதிமன்றங்களின் படியேற நேர்ந்தது.

1946-இல் ஐக்கிய நாடுகளின் பொருளாதார, சமூக மன்றத்தில் வர்த்தக சபைக்கு ஆலோசனைத் தகுதி கிடைத்தது. வாக்குரிமை கிடையாது, பேசலாம், எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவே. சபையினர் வெறும் மனுவோடு நில்லாமல், 1953-இல் ஒப்பந்தத்தின் முழு நகலையே எழுதி அளித்தனர். அவர்தம் திறமை இதில்தான் விளங்கியது என்பேன்.

எந்நாட்டுச் சட்டத்திற்கும் கட்டுப்படாத தீர்ப்பு வேண்டுமென்ற அவர்களது ஆசைக்கு அரசுகள் இணங்கவில்லை. நியாயந்தான், வணிகர் விருப்பமே சட்டமாகிவிடலாமா? ஆயினும் 1958 ஜூன் 10-ஆம் நாள் நியூயார்க்கில் உருவான ஒப்பந்தம் அந்த இரட்டை அலைச்சலை நீக்கிற்று. தீர்ப்பை ஏன் நிறைவேற்றலாகாது என்று நிரூபிக்கும் பாரம் பெரும்பாலும் தோற்றவன் தலையில் ஏறிற்று. இந்தியா அன்றே கையொப்பமிட்டு, 1960-இல் அதனை உறுதி செய்தது.